கைகளின்மேல் உட்கார்ந்திருந்தவன்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் பனிமயமாதா தேர் என் நெஞ்சுமேலேயே ஏறிப் போகட்டும், என் வாயில் மிச்சம் ஆடிக்கொண்டிருக்கிற பற்கள் இன்றைக்கே சோற்றில் விழட்டும், படுத்தால் நான் எழுந்திருக்காமலே போகட்டும். அடுத்தவன் மண்டைக்குள் ஓடினதெல்லாம் உமக்கு எப்படி ஓய் தெரியும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டின ஒரு ஐஸ் கம்பெனியில். கம்பெனிப் பேரைக் கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் நடமாட வேண்டும். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி ஜெயக்கொடி அண்ணாச்சியின் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் தொம்மை. வருஷக்கணக்காக ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் காளைத் திமில் மாதிரி ஏறிப்போனவன். அப்பேர்ப்பட்ட ஆள் பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே, ஆட்களின் மனசைத் தேற்ற மதுரையிலிருந்து வந்த ஹேமலதா மேடம், கண்ணாடி போட்ட சின்னப் பெண், மடியில் ஒரு பை. “தொம்மை சார்” என்றாள். தொம்மை பின்னால் திரும்பிப் பார்த்தான், எந்த சார் வந்து நிற்கிறார் என்று. சுவரும் காலண்டரும்தான் நின்றன. “உங்களைத்தான் சார். நீங்க எதை வேணும்னாலும் என்கிட்ட சொல்லலாம்.” எதை வேணும்னாலுமா, என்று நினைத்தான் தொம்மை, தொடைக்கடியில் விரல்கள் ஒருமுறை நெளிந்தன, இன்னும் அழுத்தி உட்கார்ந்தான், எதை வேணும்னாலும் என்றால் இதையுமா, கூட வேலை பார்த்த இன்னாசிக்கு அப்படி ஆன நாளிலிருந்து பக்கத்தில் யார் வந்து நின்றாலும் இந்தக் கைகளுக்குள் ஒன்று புரண்டு தள்ளு என்கிறதே, அதையுமா. பெண்டாட்டி பிலோமி குனிந்து சோறு போடுகிறாள், முதுகு தெரிகிறது, தள்ளு. கோயில் படியில் முன்னால் ஒரு கிழவர் தடவித் தடவி இறங்குகிறார், தள்ளு. பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்பும்போது ஓரத்தில் கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், தள்ளு, தள்ளு. கட்டின மனைவியிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அப்போ இன்னாசியையும் நீதான் தள்ளினாயா என்று ஊர் கேட்கும், போலீஸ் கேட்கும். சொல்லாவிட்டால் மத்தியானம் ஐஸ் நொறுக்குகிற அந்த மெஷினை மறுபடி ஓட விடுகிறார்கள், அதன் வாய்க்குப் பக்கத்தில் தொம்மை நிற்க வேண்டும், தொம்மைக்குப் பக்கத்தில் இன்னொருத்தன் நிற்பான். அவனுக்கும் ஒரு முதுகு இருக்கும்.

மேலே மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது, அந்தச் சத்தத்தில் அவனுக்குப் பல் சத்தம் கேட்டது, மெஷின் பல். ஆள் நீளத்துக்குக் கட்டி வரும், மேடைமேல் ஏற்றி வாயில் தள்ளினால் உள்ளே பல் வைத்த இரும்பு உருளை அதைக் கரும்பு மாதிரிக் கடித்து நொறுக்கித் தகரச் சறுக்கு வழியாகக் கீழே நிற்கிற மீன்பிடி போட்டின் வயிற்றில் துப்பும். சில கட்டி குறுக்கே மாட்டும். மாட்டினால் மெஷினை நிறுத்துகிற வழக்கம் அங்கே கிடையாது, நிறுத்தி எடுத்தால் போட்காரன் கீழேயிருந்து அம்மாவை இழுத்துத் திட்டுவான். குதிகாலால் ஒரு உதை, இல்லாவிட்டால் வெறுங்கையால் ஒரு தள்ளு. ஈரக் கை, பல் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், தோல் போகும், ரெண்டு கெட்ட வார்த்தை போகும், அவ்வளவுதான். போன கிறிஸ்துமஸுக்குத்தான் அண்ணாச்சி எல்லாருக்கும் கம்பளிக் கையுறை வாங்கிவந்தார், பச்சைக் கலரில், தானே ஒவ்வொருத்தன் கையிலும் மாட்டிவிட்டார், “என் பிள்ளையளுக்குக் கை வெறைக்கப்படாதுல” என்று. கம்பளி வழுக்காது. வழுக்காது என்று யாருக்குத் தோன்றியது, தொம்மைக்குத் தோன்றியதா, தோன்றவில்லை, சுகமாக இருந்தது, அதுதான் தோன்றியது. கட்டி மாட்டியது, இன்னாசி பாடிக்கொண்டே கையால் ஒரு தள்ளுத் தள்ளினான், பாட்டு நடுவில் நின்றது. பச்சை நூல் ஒன்று இழுத்துக்கொண்டு போனது முதலில், வெறும் நூல், பட்டம் விடுகிற பையன் நூல் விட்டுக்கொடுக்கிற மாதிரி, அப்புறம் விரல், அப்புறம் சத்தம். இன்னாசி கத்தவில்லை, மெஷின்தான் சத்தம் மாற்றியது, ஐஸைக் கடிக்கும்போது ஒரு சத்தம், இது வேறே, ஈரமான சத்தம், முருங்கைக்காயை முறிக்கிற மாதிரி. தொம்மை பாய்ந்து இன்னாசியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். சுவிட்ச் கீழே, ஏணிக்குப் பக்கத்தில். விட்டுவிட்டு ஓடினால் ஆள் உள்ளே போவான். பிடித்துக்கொண்டு நின்றால் கை உள்ளே போகும். பிடித்தான். மெஷின் அந்தப் பக்கம் இழுத்தது, இவன் இந்தப் பக்கம் இழுத்தான், நடுவில் இன்னாசி அந்தோணியார் பேரையும் அண்ணாச்சியின் ஏழு தலைமுறையையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டான், முகத்தில் சூடாகத் தெளித்தது, ஐஸ் கம்பெனியில் சூடாக எதுவும் தெளித்ததில்லை அதுவரை. அப்போது கரண்ட் போனது. ஊர் முழுக்க மின்சார வாரியத்தைத் திட்டின அந்த நிமிஷத்தில் மெஷின் முழங்கையில் நின்றது.

“மூச்சை உள்ள இழுங்க சார். மெதுவா விடுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்கோங்க.” தொம்மை கண்ணை மூடினான். பிடித்த இடம், பிடித்த இடம், இனிகோ நகர்க் கடற்கரை, அலை வருகிறது, வெள்ளை நுரை, நுரைக்குள் பல், ஐயோ கடலே, உனக்கெப்போது பல் முளைத்தது. கரையில் ஹேமலதா மேடம் பையோடு நிற்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு, கை தானாகப் போகிறது, பை முதலில் உள்ளே போகிறது, கண்ணாடி நொறுங்குகிறது, பின்னல் சுற்றிக்கொள்கிறது, பின்னல் வழுக்காது, கம்பளி மாதிரி, மெதுவாக மூச்சு விடுங்க சார் என்கிற குரல் சறுக்கு வழியாகத் துண்டு துண்டாகக் கீழே வருகிறது. வெடுக்கென்று கண்ணைத் திறந்தான். மேடம் முழுசாக இருந்தாள். “என்ன தெரிஞ்சுது?” “கடல்” என்றான் தொம்மை. “வெரி குட்” என்றாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, பஸ்ஸில் வந்திருக்கிறாள், இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் அவளை அரைத்துவிட்டேனே. இதற்கு முன்னால் வந்தவர்கள் தேவலை. பங்குச் சாமியார் வந்து மெஷினுக்குத் தீர்த்தம் தெளித்தார், தொம்மைக்கும் தெளித்தார், அவரையும் அரைத்தான், அங்கியோடு. அண்ணாச்சி தன் பங்குக்குக் கோடாங்கியைக் கூட்டிவந்து சேவல் அறுத்தார், தலையில்லாத சேவல் மேடைமேல் ஓடி நேராக மெஷின் வாயில் விழுந்து செத்தது, கோடாங்கி ஏற்றுக்கொண்டுவிட்டது என்றான், அவன் குனிந்தபோது அவனையும். மூன்றாவதுதான் மேடம். அண்ணாச்சி மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், அங்கே ஒருத்தன் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலே இப்படி ஒரு மேடம் வந்து உட்கார்ந்து பேசுவாளாம், அப்பா உங்க ஆட்கள் மனசு என்ன ஆகும், யாரையாவது கூப்பிடுங்க என்று போனில் அழுதாளாம். மனசு. மனசு எங்கே இருக்கிறது, நெஞ்சில் என்கிறார்கள், தொம்மைக்கு அது முழங்கைக்குக் கீழே இருக்கிறது, ரெண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் அஞ்சு விரலோடு.

“உங்க நண்பரைப் போய்ப் பாத்தீங்களா சார்?” பார்த்தான். பெரியாஸ்பத்திரியில் இன்னாசி தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். “மாப்ள, இந்தக் கையிலதானல அந்த மணப்பாட்டுக்காரி பேரப் பச்ச குத்தியிருந்தேன். பதினஞ்சு வருசமா எம் பொண்டாட்டி தேய்ச்சித் தேய்ச்சிப் பாத்தா, போகல. இப்பப் போச்சு பாரு. பொண்டாட்டி கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டு வந்துட்டா.” சிரித்தான். தொம்மையும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் விளிம்பு தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, மாடி, ஒரு தள்ளு போதும், கைகளை இடுப்பு பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். ஓடிவந்து டீக்கடையில் நின்றால் அங்கே பேச்சு. “சுவிட்சுக்கு ஓடியிருந்தாம்னா மணிக்கட்டோட போயிருக்கும். இந்த மடையன் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நின்னுருக்கான், முழங்கை வரைக்கும் குடுத்துட்டான்.” இன்னொருத்தன், “விட்டுருந்தாம்னா முழுசா போயிருக்கும், அறிவுகெட்ட மூதி.” மணிக்கட்டு, முழங்கை, முழு ஆள். முழு ஆள், முழங்கை, மணிக்கட்டு. ஓடியிருந்தால், பிடித்திருந்தால், பிடித்தேன், பிடித்தேனா, பிடித்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கண் மூடித் திறக்கிற நேரம் இருக்கிறதே, பாட்டு நின்றதற்கும் நான் பாய்ந்ததற்கும் நடுவில், அங்கே என் கை எங்கே இருந்தது, இன்னாசி முதுகில் இருந்ததா, கட்டியை நானும் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தேனா, இல்லை, கொக்கி இருந்தது கையில், கொக்கியா, கொக்கி மூலையில் சாத்தியிருந்ததே. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாட்டும், கட்டி குறுக்கே மாட்டுகிற மாதிரி, குதிகாலால் உதைத்தாலும் நகராது. கீழே நின்ற போட்காரன் நினைப்பு வரும் உடனே. சறுக்கில் வந்ததைப் பார்த்து அவன் மேலே பார்த்துக் கத்தினான், “ஏல, என்னல ரோஸ் கலர்ல வருது, சர்பத்தா ஊத்துதிய?” விஷயம் தெரிவதற்குள் போட்டுக்குப் பாதி வயிறு நிரம்பிவிட்டது, கடலுக்குப் போய்விட்டான். போனவன் வலை கிழியக் கிழிய நெத்திலியும் சீலாவும் அள்ளிக்கொண்டு வந்தான், இப்படி ஒரு மீன்பாடு என் அப்பன் காலத்திலும் கண்டதில்லை என்றான். அவன் கரை வந்த அன்று சாயங்காலமே ரெண்டு போட் முதலாளிகள் அண்ணாச்சியை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் கேட்டார்கள், அந்த ஐஸ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று. அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். தொம்மை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர்கள் ரெண்டு பேரையும் சோடியாக உள்ளே தள்ளிக் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று கைகள் கேட்டன, அன்றைக்கு அது ஒன்றும் அவனுக்குத் தப்பாகப் படவில்லை, அதுதான் அதிகப் பயம்.

“ஏன் சார் கைமேலயே உக்காந்திருக்கீங்க?” கேட்டுவிட்டாள். மின்விசிறி சுற்றியது. “குளிருதும்மா” என்றான், ஐஸ்காரன், பங்குனி வெயிலில். அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு, “மனசு பின்னாடி ஓடுறப்போ அதை இழுத்துட்டு வர ஒரு வழி இருக்கு சார். எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது. ஒரு சின்ன ஐஸ் துண்டை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சுக்கணும். அந்தச் சில்லுப்பு நம்மளை இப்போ நடக்குறதுக்குக் கூட்டிட்டு வந்துடும். வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?” என்று சொல்லி முடிக்கும்போதே எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது, முகம் சிவந்துவிட்டது. ஆனால் கதவுக்கு வெளியே இத்தனை நேரமும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்ற அண்ணாச்சிக்கு அது உறைக்கவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், இன்னாசி பொண்டாட்டி என்று அலைந்து, எதைச் செய்தாலும் தப்பாகவே முடிந்துகொண்டிருந்த மனுஷன், தன்னால் கொடுக்கக்கூடிய ஒன்றைக் கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் உள்ளே பாய்ந்தார். “ஐஸா? ஐஸா வேணும் தாயி? மொதல்லயே சொல்லப்படாதா! ஏய், ஒரு பார் கொண்டாங்கல!” ஒரு துண்டு போதும் என்று மேடம் சொல்லச் சொல்ல, முழுக் கட்டியைக் கொக்கி போட்டு இழுத்துவந்து அறை நடுவில் போட்டார்கள். அது அங்கே புகைந்துகொண்டு கிடந்தது, வெள்ளைத் துணி சுற்றின பிணம் மாதிரி. அண்ணாச்சியே ஒரு துண்டை உடைத்தார். “கையை நீட்டுல தொம்மை.” வேறே வழியில்லை. தொடைக்கு அடியிலிருந்து வலது கை வெளியே வந்தது, சிவந்து, நாற்காலியின் வரி பதிந்து. மேடம் தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள், “நானும் பிடிக்கிறேன் சார், சேர்ந்து பிடிப்போம்.” கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஸ்ஸ் என்று கை மாற்றினாள். தொம்மை கையில் அது கல் மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லை. எத்தனை வருஷத்து ஐஸ், தோல் செத்துச் செருப்பாகிப்போன கை. “தெரியுதா சார்?” தெரியவில்லை. இந்தப் பெண் கை நோக உட்கார்ந்திருக்கிறாள், எனக்காக, நோகிறது என்று தெரிந்தும் விடாமல், ஐயோ இவளையா அரைத்தேன். “மேடம், தள்ளணும்னு வருது” என்றான். “என்னது?” “யாரு பக்கத்துல வந்தாலும் புடிச்சித் தள்ளணும்னு வருது. கை கேக்குது. எம் பொண்டாட்டிய, சாமியார, இன்னாசிய. ஒங்களயும், இப்பத்தான் ஒரு தடவ. மேல போனேம்னா செஞ்சிருவேன்னு பயமாருக்கு. நான் கொலகாரனா மேடம்?” அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவில்லை. நகர்த்துவாள் என்று தொம்மை கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான், நகர்த்தவில்லை. “சொன்னதுக்கு நன்றி சார்” என்றாள், “பயப்படுறதும் செய்றதும் ஒண்ணு இல்ல. இன்னைக்கு நீங்க மேல போக வேண்டாம்.”

ஆனால் அண்ணாச்சி நின்ற இடத்தில் ஆட ஆரம்பித்திருந்தார். உடைத்த துண்டு இன்னும் அவர் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. “தள்ளணும்னு வருதால? யாரத் தள்ளணும்? கம்பளிய வாங்கிட்டு வந்தது யாரு? ஒவ்வொருத்தன் கையிலயும் மாட்டிவிட்டது யாரு? ஒரு பேயனும் எங்கிட்ட அதச் சொல்ல மாட்டேங்குதிய, மொகத்துக்கு நேர சொல்லுங்கல! தள்ளணும்னா என்னியத் தள்ளு. வால மேல!” மேடம் எழுந்து குறுக்கே நின்றாள், “சார், இது சரியில்ல, சார்” என்றாள், அவர் அவளைச் சுற்றிக்கொண்டு தொம்மையின் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். இரும்பு ஏணி. கம்பெனி வைத்த நாளிலிருந்து அண்ணாச்சி அந்த மேடைமேல் ஏறினதில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், பின்னால் மேடம் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு, ஐயோ சார் ஐயோ சார் என்று. “போடுல மோட்டார!” கீழே எவனோ போட்டுவிட்டான், முதலாளி சொன்னால் போடாமல் என்ன செய்வான். உள்ளங்கால் வழியாக மெஷினின் அதிர்வு ஏறியது, தொம்மைக்கு, எலும்பெல்லாம் பல்லாகிக் கிடுகிடுத்தது, வாய் திறந்திருந்தது, உருளை சுற்றியது, பல்லிடுக்கில் ஒரு பச்சை நூல் இருந்ததா இல்லை கண்ணில்தான் இருந்ததா. கட்டி ஒன்று சறுக்கி வந்தது. அண்ணாச்சி கொக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளக் குனிந்தார். முதுகு. வெள்ளைச் சட்டை, வியர்வை நனைந்து, பனியன் தெரிகிற அகலமான முதுகு. தள்ளு. கட்டி குறுக்கே மாட்டியது. தள்ளு. அண்ணாச்சி இடது கையை நீட்டினார், மோதிரம் போட்ட கை, தள்ளு, பாட்டு நின்றதே அந்த இடம், கண் மூடித் திறக்கிற அந்த இடம், இதோ மறுபடியும் அதற்குள்ளேயே நிற்கிறேன், இந்த முறை பார்த்துவிடுகிறேன் என் கை எங்கே இருக்கிறதென்று, தள்ளு தள்ளு தள்ளு, ஏசுவே, கைகள் போய்விட்டன, இரண்டும் ஒன்றாக, கீழே போட்காரர்கள் ஓவென்று கத்தினார்கள், மேடம் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கைகள் முதுகில் நிற்கவில்லை. முதுகின் இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு முன்னால் போய் அண்ணாச்சியின் தொந்தியைச் சுற்றி ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொண்டன. இழுத்தான். இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தார்கள், கொக்கி உள்ளே போய் மெஷின் அதைக் கடித்து ஒரு கத்துக் கத்தி நின்றது. “விடுல” என்றார் அண்ணாச்சி. கைகள் விடவில்லை. “ஏல, மூச்சு முட்டுது, வேட்டி அவுந்துட்டு, விடுல மூதி!” விடவில்லை. விட வேண்டும் என்று தொம்மையும் நினைத்தான், விரல்களிடம் சொல்லிப் பார்த்தான், அவை கேட்கவில்லை, இன்னும் இறுக்கின, இதுதானா, இத்தனை நாளும் நீங்கள் கேட்டது இதுதானா, இதற்கா தள்ளு என்று கத்தினீர்கள், சொல்லத் தெரியாத முண்டங்களே, பிடிக்க வேண்டும் என்று சொல்லக் கூடாதா. நாலு ஆட்கள் ஏறிவந்து விரலை ஒவ்வொன்றாக நெம்பப் பார்த்தார்கள். “நெம்பாதீங்க” என்றாள் மேடம், ஈர மேடையில் மண்டிபோட்டு, “இருக்கட்டும். அவரா விடுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்.” “தாயி, என் வேட்டி?” “நான் பாக்கல சார்.” கொஞ்ச நேரம் அண்ணாச்சி திமிறினார். அப்புறம் திமிறவில்லை. அவர் வயிறு தொம்மையின் கைகளுக்குள் குலுங்க ஆரம்பித்தது, சிரிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அது சிரிப்பில்லை என்று பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருந்த தொம்மைக்கு மட்டும் தெரிந்தது. மோதிரக் கை மெதுவாக வந்து அவன் விரல்கள்மேல் படிந்தது. போட்டுகள் கீழே ஹாரன் அடித்தன, அடிக்கட்டும்.

கேட்டால் அண்ணாச்சி கால் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லுவார், வேட்டி விஷயம் நடக்கவே இல்லை என்பார், மெஷின் வாய்க்கு முன்னால் இப்போது நிற்கிற இரும்புக் கம்பித் தடுப்பு கம்பெனி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுவார். நீங்களும் ஆமாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கூடக் கொஞ்சம் சேர்த்துக்கூடச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உனக்கு யார் சொன்னது என்று கேட்டால், ஹார்பரில் மீன் பொறுக்குகிற கொக்கு ஒன்று சொன்னது என்று சொல்லுங்கள். என் பேர் உங்கள் வாயில் வரக் கூடாது. அந்த மனுஷனிடம்தான் நான் இன்னும் ஐஸ் வாங்குகிறேன்.